படுக்கையில் விழுமுன் பவர் பத்திரம்: முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு போன். "சார், அப்பாவுக்கு ஸ்ட்ரோக். ஐ.சி.யு.ல இருக்கார், இன்னும் கண்ணு முழிக்கல. நீங்க ஒரு பவர் டைப் பண்ணிக் கொண்டாந்தீங்கன்னா கைநாட்டு வாங்கிடலாம். நர்ஸ்கிட்டகூடப் பேசிட்டேன்."

டெல்டாப் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதுவது என் பிழைப்பு. இந்த மாதிரி போன் எனக்குப் புதிதில்லை. அந்தத் தம்பி கெட்டவரில்லை. ஆஸ்பத்திரி பில் ஏறிக்கொண்டிருந்தது, பணமெல்லாம் அப்பா பெயரில் டெபாசிட்டில் கிடந்தது. இருந்தாலும் நினைவில்லாதவர் விரலைப் பிடித்து மையில் தோய்த்து வைத்தால் அது பத்திரம் ஆகாது. பின்னால் தங்கையோ சித்தப்பாவோ ஒரு புகார் கொடுத்தால், அந்தக் கைநாட்டே அவர்மேல் மோசடி வழக்காகத் திரும்பும். "எழுத முடியாதுப்பா" என்று சொல்லி, வேறு என்ன செய்யலாம் என்று பேச ஆரம்பித்தோம். அவர் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

பவர் என்று நாம் சொல்வது அதிகார ஆவணம். நான் நேரில் போய்ச் செய்ய வேண்டிய வேலையை எனக்காக நீ செய்யலாம், நீ செய்தது நானே செய்ததற்குச் சமம் என்று எழுதிக் கொடுப்பது. இதற்கென 1882-ல் வந்த அதிகார ஆவணச் சட்டம் இன்றும் இருக்கிறது. ஆனால் பவரின் ஆயுளைத் தீர்மானிப்பது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். எழுத வருகிற எல்லாரிடமும் முதலில் அதைத்தான் விளக்குகிறேன்.

பவருக்கு எப்போது உயிர் போகும்

அந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு சொல்வது இது: எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பவர் முடிந்தது. அதை வாங்கிக்கொண்டு அவருக்காக வேலை செய்கிற முகவர் இறந்தாலும் முடிந்தது. இருவரில் யாருக்காவது சித்தம் தவறினாலும் முடிந்தது.

நம் ஆட்கள் ஏமாறுவது மூன்றாவதில்தான். "எனக்கு மறதி வந்துட்டா மக பாத்துக்கட்டும், அதுக்குத்தானே பவர்" என்பார்கள். பத்திரம் தேவைப்படும் அந்த நாளிலேயே நம் சட்டப்படி அது காலாவதி ஆகிவிடுகிறது. இங்கிலாந்தில் 2007 முதலும் சிங்கப்பூரில் 2010 முதலும் மனம் தளர்ந்த பிறகும் நிற்கிற, அதற்கென்றே எழுதுகிற நீடித்த பவர் உண்டு. அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கும் அது மாதிரி எழுதுங்க அங்கிள்" என்கிறார்கள். இந்தியாவில் அப்படி ஒன்று இல்லை. "என் புத்தி தடுமாறினாலும் இது செல்லும்" என்று கொட்டை எழுத்தில் போட்டாலும் அந்த வரிக்குச் சட்டத்தில் இடம் கிடையாது.

அப்படியானால் பவர் எதற்கு? புத்தி தெளிவாக இருந்து உடம்பு ஒத்துழைக்காத காலத்துக்கு. இடுப்பு எலும்பு முறிவு, பார்வைக் குறைவு, டயாலிசிஸ், படி ஏற முடியாத முழங்கால், மகன் வீட்டோடு வேறு ஊரில் தங்கல் என்று அந்தக் காலம் பலருக்குப் பத்துப் பதினைந்து வருஷம் நீள்கிறது. புத்தி தடுமாறும் காலத்துக்கு வேறு ஏற்பாடுகள் வேண்டும். இரண்டையும் ஒரே மாதத்தில் செய்து முடித்துவிடலாம்.

வழிநெடுக ஓர் அம்மாவை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 72 வயது, கணவர் இல்லை. தஞ்சாவூரில் சொந்த வீடு, மாடியில் வாடகைக்குக் குடித்தனம். கிராமத்தில் இரண்டு ஏக்கர் நஞ்சை, குத்தகைக்கு விட்டது. குடும்ப ஓய்வூதியம், இரண்டு வங்கிகளில் டெபாசிட். மகள் திருச்சியில், மகன் சிங்கப்பூரில்.

படி 1: வேலைகளை எழுதுங்கள், சொத்தை அப்புறம் பார்க்கலாம்

எல்லாரும் சொத்துப் பட்டியலோடு வருகிறார்கள். நான் கேட்பது வேலைப் பட்டியல். போன ஒரு வருஷத்தில் அம்மா எந்தெந்த அலுவலகப் படி ஏறினார், எங்கெங்கே கையெழுத்துப் போட்டார்? வீட்டு வரி, குடிநீர் வரி, மின் இணைப்பில் ஒரு தகராறு, மாடி வாடகை ஒப்பந்தம், குத்தகை நெல் கணக்கு, பட்டாவில் பெயர்ப் பிழைக்குத் தாலுகா அலுவலகம், வங்கியில் டெபாசிட் புதுப்பித்தல், வருமான வரி ஆடிட்டர்.

இந்தப் பட்டியலில் வீட்டை விற்பது எங்கேயாவது இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. ஆனால் கடையில் கிடைக்கும் மாதிரிப் பத்திரத்தின் முதல் வரியே "கிரயம் செய்யவும், அடமானம் வைக்கவும், தானம் கொடுக்கவும்" என்றுதான் தொடங்கும். அதை அப்படியே நகல் எடுக்கும்போது கேட்காத கத்தியைக் கையில் கொடுக்கிறோம்.

பொது அதிகாரம், சிறப்பு அதிகாரம் என்ற இரண்டு பெயர்கள் இங்கேதான் பிரிகின்றன. தொடர்ந்து செய்ய வேண்டிய பலவகை வேலைகளுக்குப் பொது அதிகாரம். ஒரே ஒரு காரியத்துக்குச் சிறப்பு அதிகாரம், காரியம் முடிந்ததும் அதுவும் முடிந்துவிடும். நம் அம்மாவுக்கு நிர்வாக வேலைகளுக்கு மட்டும் பொது அதிகாரம் போதும். நாளைக்கே நஞ்சையை விற்க முடிவு செய்தால், அந்தச் சர்வே எண்ணுக்கு மட்டும் அப்போது ஒரு சிறப்பு அதிகாரம் எழுதிக்கொள்ளலாம். இரண்டு தடவை செலவாகுமே என்பார்கள். ஆகட்டும்.

சிலவற்றைப் பவர் மூலம் செய்யவே முடியாது. உயில் எழுத முடியாது. வழக்கில் அம்மாவுக்கு மட்டுமே நேரடியாகத் தெரிந்த விஷயத்துக்கு அவருக்குப் பதிலாக முகவர் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லிவிட்டது.

படி 2: யாருக்கு எழுதுவது

மூத்த மகன் என்ற காரணத்துக்காக எழுதாதீர்கள். பக்கத்தில் இருப்பவர், பணக் கணக்கில் சுத்தமானவர், மற்ற பிள்ளைகளோடு பேச்சுவார்த்தையில் இருப்பவர், கடன் தொல்லை இல்லாதவர். இந்த நாலும் பொருந்துகிறவர் மருமகளாக இருந்தால் மருமகள் பெயரிலேயே எழுதலாம். முகவர் இரத்த உறவாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

நம் அம்மாவுக்கு மகள்தான் சரி. சிங்கப்பூர் மகன் பெயரில் எழுதினால் தாலுகா அலுவலகத்துக்கு அவர் விமானம் ஏறி வர வேண்டும். இருவருக்கும் சேர்த்து எழுதுவதென்றால் ஒரு வார்த்தையில் கவனம் வேண்டும். "சேர்ந்து" என்று மட்டும் எழுதினால் ஒவ்வொரு தாளிலும் இரண்டு கையெழுத்தும் வேண்டும். "சேர்ந்தும் தனித்தும்" என்றால் யாராவது ஒருவர் போதும். வாடகை, வரி போன்றவற்றுக்குத் தனித்து, பெரிய தொகைக்குச் சேர்ந்து என்று பிரித்தும் எழுதலாம். நான் அப்படித்தான் எழுதச் சொல்வேன்.

முகவர் தன் அதிகாரத்தை இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது, பத்திரத்தில் அனுமதி இருந்தால் தவிர. மகளுக்கு உடம்பு சரியில்லாவிட்டால் என்ன செய்வது என்ற கவலை இருந்தால், "மாற்று முகவர்" என்று இரண்டாவது பெயரை அம்மாவே எழுதிவிடட்டும். அந்தத் தேர்வை மகளிடம் விட வேண்டாம்.

எழுதும் நாளில் மகன் காதிலும் போட்டுவிடுங்கள், பத்திர வரைவை வாட்ஸ்அப்பில் அனுப்பியாவது. மறைத்து எழுதின பவர்கள்தான் என் மேசைக்கு வழக்காகத் திரும்பி வருகின்றன.

படி 3: பத்திரத்தின் வாசகம்

நேரம் செலவிட வேண்டிய இடம் இது. பவரை நீதிமன்றங்கள் இறுக்கமாகத்தான் படிக்கும், எழுதாத அதிகாரத்தை ஊகித்துச் சேர்த்துக்கொள்ளாது. விற்க முகவருக்கு வெளிப்படையாக அதிகாரம் கொடுக்காத பவரை வைத்து அவர் கிரயம் செய்ய முடியாது என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். விற்க அதிகாரம் இருந்தாலும் தானம் கொடுக்க அதிகாரம் உண்டு என்று ஆகாது. ஆகவே வேண்டியதை வெளிப்படையாக எழுத வேண்டும். வேண்டாததையும் வேண்டாம் என்றே எழுதிவிடுவது நல்லது.

வழக்கமாக டைப் அடிக்கிற வரி இப்படி இருக்கும்:

"எனது அசையும் அசையா சொத்துகள் யாவற்றையும் நிர்வகிக்கவும், விற்கவும், அடமானம் வைக்கவும், தங்கள் இஷ்டம்போல் பராதீனம் செய்யவும் அதிகாரம் அளிக்கிறேன்."

இதில் எந்த வீடு, எந்த வங்கி, எவ்வளவு பணம் எதுவுமே இல்லை. வங்கி மேலாளர் இதைப் பார்த்ததும் தலைமை அலுவலகத்தைக் கேட்கணும் என்பார். என் சொந்த அத்தைக்கே இது நடந்தது. பத்திரத்தில் கணக்கு எண் இல்லை, டெபாசிட்டை முன்கூட்டி முடிக்கலாம் என்ற வார்த்தையும் இல்லை. கிளை ஒன்று மூன்று வாரம் இழுத்தடித்துவிட்டுத் திருப்பி அனுப்பியது. அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. எழுதினவன் நான் இல்லை என்பது மட்டும் ஓர் ஆறுதல்.

அதே அதிகாரத்தை நான் எழுதினால் இப்படிப் பிரிப்பேன்:

"கீழே தபசிலில் கண்ட வீட்டின் மாடிப் பகுதியை 11 மாதத்துக்கு மேற்படாத காலத்துக்கு வாடகைக்கு விடவும், வாடகை வசூலித்து ரசீது கொடுக்கவும், வரும் தொகை முழுவதையும் எனது இன்ன வங்கி, இன்ன எண்ணுள்ள கணக்கில் மட்டுமே செலுத்தவும்..."

"மேற்படி சொத்து சம்பந்தமாக மாநகராட்சி, மின்வாரியம், வருவாய்த் துறை அலுவலகங்களில் என் சார்பில் மனு கொடுக்கவும், வரி செலுத்தவும், ஆவணங்களைப் பெறவும்..."

"எனது மருத்துவச் செலவுக்குத் தேவைப்பட்டால், இன்ன எண்ணுள்ள வைப்புத் தொகையை முதிர்வுக்கு முன்பே முடித்து, தொகையை மேற்படி கணக்கில் வரவு வைக்கவும்..."

"மேற்படி சொத்துகளை விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானமாகவோ செட்டில்மென்ட்டாகவோ எழுதிக் கொடுக்கவோ முகவருக்கு அதிகாரம் கிடையாது."

"பணம் என் கணக்கில் மட்டுமே" என்ற அந்த ஒரு வரி முக்கால்வாசி வில்லங்கத்தைத் தடுத்துவிடும். முகவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்று ஒப்பந்தச் சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. அதோடு, "மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கின் நகலை என் மகனுக்கு அனுப்ப வேண்டும்" என்றும் சேர்த்துவிடுங்கள். மகளை நம்பாததால் இதை எழுதுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்து வருஷம் அம்மாவைப் பார்த்துக்கொண்டவளிடம் பின்னாளில் யாரும் கேள்வி கேட்காமல் இருக்க அவளுக்கே இது காவல்.

தபசிலில், அதாவது பத்திரத்தின் சொத்து விவரப் பகுதியில், கதவு எண், சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை எல்லாம் மூலப் பத்திரத்தில் உள்ளபடியே வர வேண்டும். நினைவிலிருந்து எழுதாதீர்கள்.

"ரத்து செய்ய முடியாத பவர்" என்று யாராவது நீட்டினால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள். முகவருக்கே அந்தச் சொத்தில் பாத்தியதை இருக்கும் வகை பவர் ஒன்று சட்டத்தில் உண்டு. கட்டுமான ஒப்பந்தங்களில் அது வரும். வயதானவரின் வீட்டு நிர்வாகத்துக்கு அதில் ஒரு வேலையும் இல்லை.

படி 4: பதிவு

அசையாச் சொத்து சம்பந்தப்பட்ட பவரைத் தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். வெறும் நோட்டரி கையெழுத்தோடு நிறுத்திவிடுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. வீடு, நிலம் என்று வந்தால் அந்தத் தாள் செல்லாது. சொத்து எந்தச் சார்பதிவாளர் அலுவலக எல்லையில் இருக்கிறதோ அங்கேயே பதிந்தால், பின்னால் தேடுகிறவர்களுக்கும் சுலபம்.

பதிவுத் துறையின் இணையதளத்தில் விவரங்களை ஏற்றி, கட்டணம் கட்டி, நேரத்துக்கு டோக்கன் வாங்கிக்கொள்ளலாம். யாருக்கு எழுதுகிறோம் என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறும். குடும்பத்தாருக்கு எழுதும் பவருக்குச் செலவு குறைவு. குடும்பத்தார் அல்லாதவருக்கு விற்பனை அதிகாரத்தோடு எழுதினால் 2023 ஜூலை முதல் சொத்தின் சந்தை மதிப்பில் 1 சதவீதம் பதிவுக் கட்டணம், முன்பு அது ஒட்டுமொத்தமாக 10,000 ரூபாயாக இருந்தது. முத்திரைத் தீர்வையும் கட்டணமும் அவ்வப்போது மாறுவதால் கட்டும் நாளில் அந்தத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்க் கடைக்காரர் சொல்லும் தொகையை அப்படியே நம்ப வேண்டாம், நான் உட்பட.

அன்றைக்குக் கையில் இருக்க வேண்டியவை: அம்மா, மகள் இருவரின் அசல் அடையாள அட்டைகள், மூலப் பத்திரம், பட்டா, வரி ரசீது, அடையாள அட்டையோடு இரண்டு சாட்சிகள். சாட்சிகள் அம்மாவை நெருங்கித் தெரிந்தவர்களாக, அவரைவிட வயதில் சிறியவர்களாக இருப்பது நல்லது. வாசலில் நிற்கும் முன்பின் தெரியாதவரைக் கூப்பிட்டு 200 ரூபாய் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால், நாளைக்கு நீதிமன்றத்தில் அவரை எங்கே போய்த் தேடுவது?

இன்னொரு காகிதம், யாரும் கேட்காவிட்டாலும் வாங்கி வையுங்கள். "இன்று பரிசோதித்தேன், இவர் தெளிந்த மனநிலையில் இருக்கிறார்" என்று வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் அதே தேதியில் தரும் சான்று. மறதி லேசாகத் தொடங்கியவருக்கு இது ரொம்ப முக்கியம். மறதி நோய் என்று எழுதிய சீட்டு இருப்பதாலேயே ஒருவர் பத்திரம் எழுதத் தகுதியிழப்பதில்லை. எழுதும் நேரத்தில் விஷயம் புரிந்து, நல்லது கெட்டது பார்த்து முடிவெடுக்க முடிந்தால் செல்லும். ஒப்பந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அந்தத் தெளிவை அன்றே காகிதத்தில் பிடித்து வைக்க வேண்டும்.

அம்மாவால் அலுவலகப் படியேற முடியாவிட்டால்? பதிவுச் சட்டத்தின் 31, 38-ஆம் பிரிவுகளில் அதற்கு வழி இருக்கிறது. டாக்டர் சான்றோடு மனு கொடுத்துத் தனிக் கட்டணம் கட்டினால் சார்பதிவாளர் வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ வந்து பதிவு செய்வார். இது பலருக்குத் தெரியவில்லை. ஆம்புலன்ஸில் வைத்து அலுவலக வாசல் வரை கொண்டுவந்து, ஸ்ட்ரெச்சரில் கைநாட்டு வாங்கும் காட்சியை நான் இன்னும் பார்க்கிறேன்.

வெளிநாட்டு மகனுக்கும் ஒரு வேலை

நஞ்சையில் மகனுக்கும் பங்கு இருந்தால், அவர் பங்கை நிர்வகிக்க அவரும் அக்காவுக்கு ஒரு பவர் அனுப்ப வேண்டும். அங்கே அச்சடித்த பத்திரத்தில் இந்தியத் தூதரக அதிகாரி முன்போ அந்நாட்டு நோட்டரி முன்போ கையெழுத்திட்டுச் சான்று வாங்க வேண்டும். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில். கூரியர் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் அத்தாட்சி.

படி 5: வங்கி தனி உலகம்

பதிவான பவர் கையில் இருந்தாலும் வங்கி தன் படிவத்தைத்தான் கேட்கும். பதிவான வாரமே அம்மாவை அழைத்துப்போய், பவரின் நகலைக் கிளையில் கொடுத்துப் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். அம்மா நேரில் உட்கார்ந்து "ஆமா, இவதான் எம் பொண்ணு" என்று சொன்னால் பத்து நிமிஷத்தில் முடியும். அவர் படுத்த பிறகு அதே வேலைக்குப் பத்து நடை.

அதைவிடச் சுலபமான வழி, கணக்கைக் கூட்டுக் கணக்காக, "எய்தர் ஆர் சர்வைவர்" முறையில் மாற்றுவது. இருவரில் யாரும் இயக்கலாம். இது பவர் இல்லை, மகளும் கணக்குதாரரே. அதனால் அம்மாவுக்கு நினைவு தவறினாலும் கணக்கு முடங்காது. டெபாசிட்டை முன்கூட்டியே உடைக்க மட்டும் இரண்டு கையெழுத்தும் கேட்கக்கூடும். ஆகவே அதற்கான அனுமதியையும் அப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். எல்லாப் பணத்தையும் கூட்டாக்க வேண்டாம். ஒரு வருஷத்து வீட்டுச் செலவும் ஓர் ஆஸ்பத்திரிச் செலவும் அளவுக்குப் போதும்.

நாமினி நியமித்தால் போதாதா என்று கேட்பார்கள். நாமினிக்கு வேலை வருவது அம்மாவின் காலத்துக்குப் பிறகுதான். அப்போதும் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்கும் பொறுப்புதான் அவருக்கு. 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம்.

படுத்திருக்கும் வாடிக்கையாளருக்கென ரிசர்வ் வங்கி ஒரு வழிமுறை வைத்திருக்கிறது. கையெழுத்துப் போட முடியாதவரின் கைநாட்டையோ கால் விரல் ரேகையையோ, வங்கிக்குத் தெரிந்த இரண்டு பேர் அடையாளம் காட்டினால் ஏற்கலாம். அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். ரேகையும் வைக்க முடியாதவர் ஏதாவது ஒரு குறியிட்டால்கூடப் போதும். கவுண்டரில் இருக்கும் இளைஞருக்கு இது தெரியாமல் இருக்கலாம். மேலாளரிடம் போய் ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் இதற்கும் அம்மாவுக்கு நினைவு இருக்க வேண்டும்.

படி 6: பவர் ஓயும் இடத்தில்

அதே மாதத்தில் இன்னும் இரண்டு தாள்கள்.

ஒன்று உயில். வெள்ளைத் தாள் போதும். இரண்டு சாட்சிகள் கட்டாயம், பதிவு விருப்பம். பவர் கண்மூடும் நொடியில் உயில் கண்திறக்கிறது என்று எங்கள் சீனியர் சொல்வார். அம்மா இறந்த மறுநாள் அந்தப் பவரை வைத்துப் பணம் எடுக்கவோ பத்திரம் போடவோ கூடாது, நல்ல எண்ணத்தில்கூட. முகவர் எழுதும் பத்திரங்களுக்கு, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற மருத்துவச் சான்றைப் பதிவு அலுவலகம் கேட்பது இதற்காகத்தான்.

இரண்டாவது, மருத்துவ முன்விருப்ப ஆவணம். இனி மீளவே முடியாது என்ற நிலையில் வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா, அதைத் தனக்காக யார் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் இதை அனுமதித்தது. அப்போது மாஜிஸ்திரேட் வரை போக வேண்டியிருந்ததால் யாரும் எழுதவில்லை. 2023 ஜனவரியில் எளிதாக்கினார்கள். இப்போது இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். அதில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் பெயரைக் குறிப்பிடலாம். ஒரு நகலைக் குடும்ப டாக்டரிடம் கொடுத்து வையுங்கள். சொத்துப் பவரை ஆஸ்பத்திரியில் நீட்டிச் சிகிச்சை முடிவு எடுக்க முடியாது, அது வேறு இது வேறு.

இவ்வளவு தாள் எதற்கு, செட்டில்மென்ட் எழுதி வீட்டை மகள் பேருக்கே மாற்றிவிடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். மாற்றினால் வீடு அன்றே கைமாறிவிடும். பவரை நாளைக்கே ரத்து செய்யலாம், செட்டில்மென்ட்டை அப்படித் திருப்ப முடியாது. 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில், பார்த்துக்கொள்ளாத பிள்ளையிடமிருந்து சொத்தை மீட்கக் கோட்டாட்சியரிடம் போகலாம். ஆனால் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால்தான் வழக்கு உறுதியாக நிற்கும். எண்பது வயதில் அந்தப் படியும் ஏற வேண்டுமா?

பத்திரம் முடிந்த பிறகு

மூலத்தை மகளிடம் உடனே கொடுத்துவிட வேண்டியதில்லை. அம்மாவின் பீரோவில் இருக்கட்டும், நகல் மகளிடம். தேவை வரும் நாளில் அம்மா எடுத்துக் கொடுத்தால் போதும். பெரிய காரியம் எதற்கும் அலுவலகங்கள் மூலத்தைக் கேட்கும் என்பதால், சாவி அம்மா இடுப்பில் இருக்கும்வரை அதிகாரமும் அங்கேயே இருக்கிறது.

மனம் மாறினால் ரத்து செய்ய யாருடைய சம்மதமும் வேண்டாம். பதிவான பவருக்கு அதே அலுவலகத்தில் ரத்துப் பத்திரமும் பதிய வேண்டும். அதோடு நின்றுவிடக் கூடாது. ரத்தான சேதி முகவருக்கு எப்போது தெரிகிறதோ அப்போதுதான் அவரளவில் ரத்து செல்லுபடியாகும். வெளி ஆட்களுக்கு அவர்களுக்குத் தெரிந்த நேரத்திலிருந்து. ஆகவே முகவருக்கு ஒப்புகை வரும்படி தபாலில் அறிவிப்பு, வங்கிக்கும் வாடகைக்காரருக்கும் குத்தகைதாரருக்கும் ஒரு கடிதம், விற்பனை அதிகாரம் கொடுத்திருந்தால் உள்ளூர்ப் பதிப்பில் வரும் நாளிதழில் ஒரு விளம்பரம்.

பவரை வைத்து வீடு வாங்கலாமா என்று சிலர் கேட்பதால் ஒரு வரி. பவர் மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு சொத்து தன்னுடையது என்று சொல்ல முடியாது என்று 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. பதிவான கிரயப் பத்திரம்தான் உரிமை தரும்.

ஏற்கெனவே நேரம் கடந்துவிட்டால்

கோமாவில் இருப்பவருக்கும் மறதி நோய் முற்றியவருக்கும் பவர் வழி அடைபட்டுவிட்டது. மிச்சம் இருப்பது நீதிமன்றம். கோமாவில் இருப்பவருக்குக் காப்பாளர் நியமிக்கத் தனிச் சட்டம் இல்லாததால், உயர் நீதிமன்றங்கள் ரிட் மனுவிலேயே அதைச் செய்கின்றன. கேரள உயர் நீதிமன்றம் 2019-ல் இதற்கு நெறிமுறைகளே வகுத்தது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில், கோமாவில் கிடந்த கணவரின் சொத்தை விற்றுச் சிகிச்சை செய்ய மனைவி அனுமதி கேட்டார். உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும்படி தனி நீதிபதி சொன்னார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு மனைவியையே காப்பாளராக நியமித்தது. மருத்துவச் சான்றுகள், எல்லா வாரிசுகளின் சம்மதம், சொத்துப் பட்டியல் என்று எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரிடம் போங்கள். அதுவரை அன்றாடச் செலவுக்கு உறவுக்குள் கைமாற்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைத் தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன். நகையை வைத்து பில் கட்டினார். மூன்றாவது வாரம் அவருடைய அப்பாவுக்கு நினைவு தெளிந்தது, வலது கை மட்டும் வரவில்லை. டாக்டர் சான்று வாங்கி மனு கொடுத்து, சார்பதிவாளரை வீட்டுக்கு அழைத்தோம். திண்ணையில் கட்டில் போட்டிருந்தார்கள். பத்திரத்தை நான் முழுதாகப் படித்து முடிக்கும்வரை பெரியவர் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். குழறின பேச்சில் ஒன்றே ஒன்று கேட்டார்: "வீட்ட விக்க இதுல இடம் இருக்கா?"

"இல்லீங்கய்யா."

இடது கையை நீட்டினார்.